சாவா மூவாப் பேராடும் எங்கள் ரசீதுப் புத்தகமும்

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் சாலையில் பாதி வழியில் இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு கிலோமீட்டர் நடந்தால் வருகிற ஒரு மலைக்கிராமத்தில், எங்கள் அறக்கட்டளை ஏழு ஆண்டுகள் மாலைப் படிப்பகம் நடத்தியது. அதன் ஆசிரியை அந்த ஊரிலேயே பிறந்து, சேலத்தில் விடுதியில் தங்கிப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒரு மார்ச் மாதச் சனிக்கிழமை அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்து, மேசையின் மேல் ஒரு மஞ்சப்பையை வைத்தார். உள்ளே படிப்பகத்தின் சாவி, வருகைப் பதிவேடு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய பத்துப் பன்னிரண்டு பென்சில்கள், சுண்டலுக்கு வாங்கிய கொண்டைக்கடலையில் எவ்வளவு மீதம் என்று எழுதிய ஒரு தாள். அவருக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி இருந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. "அண்ணா, கீழ டவுன்ல துணிக்கடையில வேலை கெடச்சிருக்கு. பிள்ளைங்ககிட்ட நீங்களே ஒரு தடவை வந்து சொல்லிருங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் அந்த அறக்கட்டளையின் பொருளாளர். செவ்வாய்ப்பேட்டையில் மண்டிக் கடைகளுக்கும் வெள்ளிப் பட்டறைகளுக்கும் முப்பது ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். கைமுதல் இல்லாமல் எவரும் கடை திறக்க நான் சம்மதித்ததில்லை. ஒரே ஆளிடம் முக்கால் பங்குச் சரக்கை விற்கிற வியாபாரியைக் கண்டால், அவர் கை விரித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்காமல் விட்டதும் இல்லை. ஆனால் மலையில் பதினொரு படிப்பகங்களை நடத்திய எங்கள் அறக்கட்டளையின் வருமானத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஒரே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து, அதாவது எல்லோரும் சி.எஸ்.ஆர். என்று சொல்கிற பணத்திலிருந்து, வந்துகொண்டிருந்தது. இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள். மூன்றாம் ஆண்டு தங்கள் திட்டப் பகுதியை வேறு மாவட்டத்துக்கு மாற்றிக்கொள்வதாக நவம்பரில் கடிதம் வந்தது. அது அவர்கள் உரிமை. கடிதம் வந்த அன்று எங்கள் வங்கிக் கணக்கில் ஆறு வாரச் செலவுக்கான பணம் இருந்தது. கடைக்கு ஒரு கணக்கு, தர்மத்துக்கு ஒரு கணக்கு என்று இருபது ஆண்டுகளாக நான் வைத்திருந்த பழக்கத்தின் விலையை அந்த ஆசிரியை கொடுத்தார் என்பதே இந்தப் பதிவை எழுதக் காரணம்.

அதற்கு அடுத்த வாரம், ஜவ்வரிசி வியாபாரம் செய்கிற பெரியவர் ஒருவரிடம் நன்கொடை கேட்கப் போனேன். ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் எங்களுக்குக் காசோலை தருபவர். இந்த முறை நிலைமையை மறைக்காமல் சொன்னேன். அவர் காசோலைப் புத்தகத்தை எடுக்கவில்லை. "நான் குடுக்கறது சரக்கு வாங்கற பணமா, கடை போடற பணமா? அதச் சொல்லுங்க தம்பி" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே விளக்கினார். சரக்கு வாங்குகிற பணம் இன்று போய் நாளை திரும்பும், அல்லது தீரும். அதற்கு அளவு உண்டு, மூட்டைக் கணக்கு உண்டு. கடை போடுகிற பணம் தராசு, கிடங்கு, கணக்குப்பிள்ளை, ஆறு மாதம் வியாபாரம் இல்லாவிட்டாலும் கதவு திறந்திருப்பதற்கான தெம்பு. இரண்டையும் ஒரே பையில் போட்டுச் செலவு செய்கிற கடை நிலைக்காது. மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி ஆக்குபவர்கள் ஒரு காலத்தில் விலை இறங்கினாலும் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருந்ததையும், 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் பதிவாகி, சரக்கை இருப்பு வைக்கக் கிடங்கு கிடைத்த பிறகே பேரம் பேசுகிற தைரியம் வந்ததையும் அவர் நினைவுபடுத்தினார். உங்களுக்குக் கிடங்கு எங்கே என்பதுதான் அவர் கேள்வியின் சாரம்.

தொண்டு நிறுவனங்கள் முதலீட்டுக் கண்ணோட்டத்தோடு நடக்க வேண்டும் என்று கூட்டங்களில் சொல்லும்போதெல்லாம் நான் முகம் சுளித்தவன். லாபப் பங்கு தர முடியாத, தரக் கூடாத ஓர் அமைப்பில் முதலீடு என்ற சொல்லுக்கு என்ன வேலை என்று நினைத்தேன். பெரியவர் கேட்ட பிறகு அந்தச் சொல் எனக்குச் சரியாகப் புரிந்தது. இங்கே கொடுப்பவருக்குப் பணம் திரும்புவதில்லை. ஆனால் கொடுத்த பணம் எதை உண்டாக்கியது, அது எத்தனை நாள் நிற்கும், அடுத்த ரூபாயைக் கொண்டுவருமா என்று கேட்கிற உரிமை அவருக்கு உண்டு; கேட்பதற்கு முன்பே சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு.

முதலில் செய்தது, உண்மையான செலவைக் கணக்கிட்டது. ஒரு குழந்தைக்கு மாதம் 250 ரூபாய் என்று எங்கள் துண்டறிக்கையில் பல ஆண்டுகளாக அச்சிட்டு வந்தோம். அதில் ஆசிரியையின் ஊதியம், சுண்டல், நோட்டுப் புத்தகம் ஆகியவை மட்டுமே அடக்கம். பதினொரு படிப்பகங்களையும் சுற்றிவருகிற ஒருங்கிணைப்பாளரின் சம்பளம் இல்லை. அவர் வண்டிக்குப் பெட்ரோல் இல்லை. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அதற்கப்பாலும் மண் பாதையில் போகிற வண்டிக்கு எவ்வளவு பெட்ரோல் ஆகும் என்பது மலையில் வண்டி ஓட்டியவர்களுக்குத் தெரியும். தணிக்கைக் கட்டணம், ஆசிரியைகளுக்கான பயிற்சி, ஆடி மழையில் பறந்த ஓடுகளை மாற்றிய செலவு எதுவுமே இல்லை. இவற்றைச் சேர்த்தால் மாதம் 42 ஆயிரம் ரூபாய் கூடியது. 264 குழந்தைகளுக்குப் பங்கிட்டபோது, ஒரு குழந்தைக்கான உண்மைச் செலவு 410 ரூபாயை ஒட்டி வந்தது. 250க்கும் 410க்கும் இடையில் இருந்த பள்ளத்தை இத்தனை ஆண்டுகளும் எதைக் கொண்டு நிரப்பினோம் என்று பேரேட்டைப் புரட்டிப் பார்த்தேன். அறங்காவலர்கள் கைக்காசு கொஞ்சம். மீதி முழுவதும் தாமதமான சம்பளங்கள். குறைந்த செலவில் நடத்துகிறோம் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னது, நான்காயிரத்துக்கும் குறைவாக மாதம் வாங்கிய பெண்களிடம் வட்டியில்லாமல் வாங்கிய கடன்.

நிர்வாகச் செலவு என்றாலே கொடுப்பவர்கள் முகம் மாறும். அதற்குப் பயந்து அமைப்புகள் அதைக் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டியதை உண்மை என்று நம்பிக் கொடுப்பவர்கள் அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்ப்பார்கள். அமெரிக்காவில் 2009இல் இரண்டு ஆய்வாளர்கள் இதற்குப் பட்டினிச் சுழல் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். எங்கள் கதையும் அதுவே. சி.எஸ்.ஆர். அதிகாரிகள் பலர், நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்வதாக எங்களிடம் சொல்வார்கள். நாங்களும் தலையாட்டி வந்தோம். விதியை நானே படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: அந்த 5 சதவீதம், பணம் கொடுக்கிற நிறுவனம் தன் சமூகப் பொறுப்புப் பணிகளைப் பொதுவாக நிர்வகிக்க ஆகும் செலவுக்கான வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. எங்கள் ஒருங்கிணைப்பாளர் மலையில் வண்டி ஓட்டிப் போவது திட்டத்தை நடத்துவதும் கண்காணிப்பதும்தான். இப்போது எங்கள் விண்ணப்பங்களில் அந்தச் செலவைத் தனி வரியாக, பெயர் சொல்லி, கூச்சமில்லாமல் எழுதுகிறோம். இரண்டு நிறுவனங்கள் மறுத்துவிட்டன, ஒன்று ஒப்புக்கொண்டது.

இன்னொன்றையும் விதியிலிருந்தே கற்றோம். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, நிகர லாபம் 5 கோடி ரூபாயோ, விற்றுமுதல் 1000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ எட்டிய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும் என்கிறது. இதை மார்ச் 31க்குள் தீர்க்க வேண்டிய பணம் என்று மட்டுமே நாங்கள் புரிந்துவைத்திருந்தோம். அதனால் பிப்ரவரியில் ஓடிப்போய் ஓர் ஆண்டுக்கான தொகையைக் கேட்போம். ஆனால் தொடர் திட்டம் என்று ஒரு வகை உண்டு. தொடங்கிய நிதியாண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை அதை நடத்தலாம். அந்த ஆண்டு செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். ஒரு குழந்தை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கி, ஒரு கதையைத் தடையில்லாமல் வாசிக்கும் நிலைக்கு வர எங்கள் மலையில் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு ஓராண்டுப் பணத்தைக் கேட்டுக்கொண்டிருந்தது எங்கள் தவறு. எங்கள் அறங்காவலர்களில் ஒருவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும், நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரம் வளர்ந்து மிளகுக்கொடி ஏற்ற இன்னும் பொறுக்க வேண்டும், முதல் ஆண்டில் எத்தனை கிலோ என்று எந்தத் தோட்டக்காரரும் கேட்க மாட்டார் என்று அவர் ஒரு நிறுவனத்தின் அதிகாரியிடம் சொன்னதை நான் அருகில் இருந்து கேட்டேன். எங்களுக்கு முதல் மூன்றாண்டு ஒப்புதல் அந்தக் கூட்டத்தில்தான் கிடைத்தது.

இருப்பு நிதியைப் பற்றி நான் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் சிறிய அறக்கட்டளைகளில் இதைப் பற்றிய தவறான எண்ணம் மிகுதி. வருமானத்தை அந்தந்த ஆண்டே செலவழித்துத் தீர்க்காவிட்டால் வரி வரும் என்று பலர் நம்புகிறார்கள். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் தேவையில்லாத நாற்காலிகள் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தைத் தன் நோக்கங்களுக்குச் செலவிட்டால் போதுமானதாக இருந்தது. 15 சதவீதத்தை நிபந்தனையின்றி ஒதுக்கி வைக்க முடிந்தது. 85 சதவீதத்தையும் எட்ட முடியாத ஆண்டில், குறிப்பிட்ட ஒரு நோக்கத்தைத் தெரிவித்துப் படிவம் 10 தாக்கல் செய்தால் ஐந்து ஆண்டுகள் வரை சேர்த்து வைக்க வழி இருந்தது. மூலநிதிக்கென்று, அதாவது செலவழிக்காமல் முதலாக வைத்துக்கொள்வதற்கென்று, எழுத்தில் குறிப்பிட்டுத் தரப்படுகிற நன்கொடையைத் தனியாக, சட்டம் அனுமதிக்கிற வகையில் முதலீடு செய்து வைக்க வேண்டும். சி.எஸ்.ஆர். பணத்தை மூலநிதியில் போடுவதற்கு 2021 ஜனவரிக்குப் பிறகு இடமில்லை. ஆகவே இருப்பு நிதி தனிமனிதர்களின் நன்கொடையிலிருந்துதான் உருவாக வேண்டும். இந்த 15 சதவீத உரிமையை எங்கள் அறக்கட்டளை பதினான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூடப் பயன்படுத்தவில்லை. ஆண்டுதோறும் வந்ததில் பத்து சதவீதத்தை ஒதுக்கியிருந்தால், அந்த நவம்பரில் எங்களிடம் ஓராண்டுச் செலவுக்கு மேல் இருந்திருக்கும்.

மூலநிதி என்பதை நாம் வெளியூரிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைப்பவர் எண்ணெய் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுப்பார். அதை ஏற்றுக்கொள்கிற இடையர், நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடாகும். ஆனால் குட்டிகளால் மந்தை குறையாமல் இருக்க வேண்டும் என்பதால் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று மாற்று விகிதமே வகுத்திருக்கிறார்கள். பொன்னாகக் கொடுப்பவர்கள் ஊர்ச் சபையிடம் முதலாக வைத்து, அதன் பொலிசையில், அதாவது வட்டியில், தர்மம் நடக்கச் செய்தார்கள். கொடை என்பது முதல், தர்மம் என்பது அதன் விளைச்சல் என்கிற பிரிவு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. எனக்கு அதில் மிகவும் பிடித்தது, யார் மந்தையை மேய்ப்பார்கள் என்பதையும் அந்தக் கல்வெட்டுகள் பெயரோடு எழுதிவைத்ததுதான். ஆட்டைக் கொடுத்தால் மட்டும் விளக்கு எரியாது. மேய்ப்பவருக்கும் அதில் வாழ்க்கை இருக்க வேண்டும்.

இதற்கு எதிரான குரலையும் நான் மதிக்கிறேன். 1894இல் நேட்டால் இந்தியக் காங்கிரஸைத் தொடங்கி, ஒவ்வொரு காசுக்கும் ரசீது கொடுத்து நடத்திய காந்தி, பிற்காலத்தில் பொது நிறுவனங்களுக்கு நிரந்தர நிதி கூடாது என்ற முடிவுக்கு வந்தார். வட்டியில் வாழ்கிற நிறுவனம் மக்களுக்குப் பதில் சொல்வதை மறந்துவிடும். ஆண்டுதோறும் மக்கள் தருகிற சந்தாதான் அதன் தகுதிக்குச் சோதனை என்பது அவர் கருத்து. நிலமும் வாடகையும் குவிந்து, பணி நின்றுபோன அறக்கட்டளைகளை நம் ஊர்களிலும் பார்க்கலாம். ஆகவே எங்கள் குழுவில் நீண்ட விவாதத்துக்குப் பின், ஆறு மாதச் செலவுக்கு இருப்பு நிதி, அதற்கு மேல் ஒரு ரூபாயும் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் எழுதினோம். ஆறு மாதம் என்பது எங்கள் கணக்கில் ஆறரை லட்சம் ரூபாய். மூன்று அறங்காவலர்கள் கையெழுத்திடாமல் அதைத் தொட முடியாது. சம்பளத்துக்கு மட்டுமே தொடலாம். தொட்டால் பன்னிரண்டு மாதங்களுக்குள் திருப்ப வேண்டும். காந்தி சொன்ன அச்சத்துக்கும் அந்த ஆசிரியையின் நான்கு மாதப் பாக்கிக்கும் இடையில் எனக்கு நியாயமாகத் தெரிந்த இடம் இதுவே.

ஜவ்வரிசிப் பெரியவர் அன்று கொடுத்தது மூன்று லட்சம் ரூபாய். கடை போடுகிற பணம் என்று காசோலையோடு வந்த கடிதத்தில் அவர் கையால் எழுதியிருந்தார். ஒரு குழந்தைக்கும் இதில் சுண்டல் வாங்கக் கூடாது என்று வாயால் சொன்னார். அந்தப் பணத்தில் நன்கொடையாளர்களைக் கவனிக்க மட்டும் ஒரு பெண்ணைப் பகுதி நேரப் பணிக்கு எடுத்தோம். 2021-22 நிதியாண்டு முதல், கொடுத்தவருக்கு வரிச்சலுகை கிடைக்கிற 80ஜி நன்கொடைகளின் விவரத்தை மே 31க்குள் படிவம் 10பிடி-யில் வருமான வரித் துறைக்குத் தர வேண்டும் என்ற விதி வந்தபோது நான் சலித்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பட்டியல்தான் எங்களுக்கு முதல் கண்ணாடி. இரண்டு ஆண்டுப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, முதல் ஆண்டு கொடுத்த 212 பேரில் மறு ஆண்டும் கொடுத்தவர்கள் 90 பேர்தான். மற்றவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. ரசீதுக்குப் பிறகு அவர்களுக்கு எங்களிடமிருந்து ஒரு வரிகூடப் போகவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெண் ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தார். ஆண்டுக்கு இரு முறை ஒரு பக்கக் கடிதம் அனுப்பினார். அதில் எது நடக்கவில்லை என்பதற்கு ஒரு பத்தி கட்டாயம். இரண்டு ஆண்டுகளில் மாதந்தோறும் தருபவர்கள் 38 பேரிலிருந்து 126 பேராக உயர்ந்தார்கள். இப்போது மாதம் 40 ஆயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் வருகிறது. எங்கள் படிப்பகத்தில் படித்து இன்று ஓசூரில் வேலை பார்க்கிற இளைஞர்கள் ஐந்து பேரும் அதில் உண்டு. மூன்று லட்சத்தை அப்படியே படிப்பகங்களுக்குச் செலவிட்டிருந்தால் மூன்று மாதத்தில் தீர்ந்திருக்கும்.

வளர்ச்சி என்பதைப் பற்றியும் எங்கள் எண்ணம் மாறியது. பதினொன்றை இருபதாக்குவது எப்படி என்பதே ஆண்டுக்கூட்டப் பேச்சாக இருந்தது. முதலில் எது பலன் தருகிறது என்று பார்ப்போம் என்று, கிராமப்புறக் குழந்தைகளின் கற்றலை அளக்கிற ஏசர் ஆய்வுகளில் பயன்படுத்துகிற வாசிப்புச் சோதனையை ஜூனிலும் மார்ச்சிலும் எல்லாப் படிப்பகங்களிலும் வைத்தோம். எழுத்து, சொல், பத்தி, கதை என்று நான்கு படிகள். ஒரு குழந்தைக்கு ஐந்து நிமிடம் போதும். ஓர் ஊரில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் பத்தியைக் கடகடவென்று சொன்னான். தாளைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். முன்னால் போன பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறான். அவன் கையிலிருந்த தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுத்துப் படியிலிருந்து அவனோடு தொடங்கினோம். வருகைப் பதிவேட்டில் அவன் மூன்று ஆண்டுகளாக நூற்றுக்குத் தொண்ணூறு. குழந்தைகளின் தலையை எண்ணி நன்கொடையாளர்களுக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்த எங்களுக்கு, அவன் எதையும் கற்கவில்லை என்பது தெரிந்திருக்கவில்லை.

அந்தச் சோதனையில் இன்னொன்றும் வெளிப்பட்டது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை காப்பிப் பழம் பறிக்கிற காலத்தில் பெற்றோர் இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார்கள். மூத்த பெண் குழந்தைகள் தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கிறார்கள். அந்த நான்கு மாதங்களில் பெண் குழந்தைகளின் வாசிப்பு நின்ற இடத்திலேயே நின்றது. தம்பி தங்கைகளையும் கூட்டி வரலாம் என்று சொல்லி, அவர்களுக்கும் சுண்டல் கொடுத்தோம். சத்தம் அதிகமானது, வாசிப்பும் நகர்ந்தது. மூன்று படிப்பகங்களை மூடவும் செய்தோம். அந்த ஊர்களில் 2021இல் தொடங்கிய அரசின் இல்லம் தேடிக் கல்வி மையங்கள் அதே வேலையை அதே நேரத்தில் செய்துகொண்டிருந்தன. இரண்டு ஆசிரியைகள் ஒரே பத்துப் பிள்ளைகளைப் பங்கு போட்டுக்கொள்வதில் யாருக்கும் பயனில்லை. எட்டாகக் குறைந்ததை வளர்ச்சி என்று ஆண்டறிக்கையில் எழுதியபோது ஒரு நன்கொடையாளர் விலகினார். அந்த அறிக்கையை நான் மாற்றி எழுதமாட்டேன்.

நிலைத்து நிற்கும்படி பணியைக் கட்டியவர்களைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1925இல் ராஜாஜி புதுப்பாளையத்தில், அன்றைய சேலம் மாவட்டத்தில், தொடங்கிய காந்தி ஆசிரமம் கதர் நூற்று விற்று, வறட்சியில் வாடிய குடும்பங்களுக்குக் கூலி தந்தது. சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கியில் 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் ஒரு குடிசையில் தொடங்கிய மருத்துவமனை, உள்ளூர்ப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்தது. பின்னர் அந்தப் பள்ளத்தாக்கில் இயற்கை விவசாயிகளின் சங்கமும், லம்பாடிப் பெண்களின் பூத்தையல் தொழிலும் வேரூன்றின. 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கட்டணம் செலுத்துகிறவர்களின் வருமானத்தில் செலுத்த முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை செய்தது. 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பகத்தைத் தொடங்கி, கண்ணுக்குள் பொருத்துகிற வில்லையைத் தானே தயாரித்தபோது அதன் விலை பல மடங்கு இறங்கியது.

இதைப் படித்து உற்சாகப்பட்டு, நாங்களும் ஒரு பொங்கலுக்கு ஏற்காட்டு மிளகைப் பொட்டலம் போட்டு விற்றோம். ஆசிரியைகள் செலவிட்ட மாலை நேரங்களைக் கணக்கில் சேர்த்தால் நட்டம். அறக்கட்டளை செய்யும் வியாபாரம் அதன் நோக்கத்துக்குத் துணையானதாக இருக்க வேண்டும், அதற்குத் தனிக் கணக்குப் புத்தகங்கள் வேண்டும் என்ற விதியையும் நாங்கள் சரியாகக் கவனித்திருக்கவில்லை, ஆடிட்டர் கடிந்துகொண்டார். அரவிந்தில் விற்பனையும் தொண்டும் ஒரே செயல். எங்களிடம் மிளகுக்கும் வாசிப்புக்கும் உறவில்லை. எல்லா அமைப்பும் கடை வைக்க வேண்டும் என்கிற அறிவுரையை நான் ஏற்கவில்லை.

சமூகப் பங்குச் சந்தையைப் பற்றி ஓரிருவர் கேட்டார்கள். 2019 பட்ஜெட்டில் அறிவித்து, 2022இல் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கிற செபி விதிகளை வகுத்த ஏற்பாடு அது. அதில் தொண்டு நிறுவனம் வெளியிடுகிற பத்திரத்துக்கு வட்டியும் இல்லை, முதலும் திரும்பாது. பதிவு செய்ய மூன்று ஆண்டு அனுபவமும், முந்தைய ஆண்டில் 50 லட்சம் ரூபாய் செலவும் வேண்டும். எங்கள் அளவுக்கு அது எட்டாது. ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை நடந்த வளர்ச்சிப் பலன் பத்திர முயற்சி எனக்கு அதைவிடப் பயன்பட்டது. ஒரு வங்கியின் அறக்கட்டளை முன்பணம் போட்டது. எஜுகேட் கேர்ள்ஸ் அமைப்பு களத்தில் வேலை செய்தது. தனி மதிப்பீட்டாளர் அளந்த பலனுக்கு ஏற்ப மூன்றாவது அமைப்பு பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் மொத்தக் கற்றல் இலக்கில் பாதியை ஒட்டியே எட்டியிருந்தவர்கள், கற்பிக்கும் முறையை மாற்றி, முடிவில் இலக்கில் 160 சதவீதத்தை எட்டினார்கள். பத்திரத்தின் நுட்பம் எங்களுக்குத் தேவையில்லை. நடுவழியில் முறையை மாற்றும் சுதந்திரத்தை அந்தப் பணம் கொடுத்தது என்பதுதான் எனக்கு முக்கியம். எங்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில், சோதனை முடிவைப் பார்த்து வரவுசெலவுத் திட்டத்தின் தலைப்புகளை மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி சேர்க்கக் கேட்டோம். சேர்த்தார்கள். காப்பிக் காலத்துச் சுண்டல் அந்த ஒரு வரியால்தான் சாத்தியமானது.

அந்த ஆசிரியையின் பாக்கியை மூன்று தவணைகளில் கொடுத்து முடித்தோம். கடைசித் தவணையைத் துணிக்கடை வாசலில் கொடுத்தபோது, திரும்பி வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்று எங்கள் இருப்பு நிதி நான்கு மாதச் செலவுக்கு நிற்கிறது. ஆறை எட்டும் வரை புதிய படிப்பகம் இல்லை என்பது தீர்மானம். மஞ்சப்பை இன்னும் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. படிப்பகம் நடந்த கட்டடம் ஊருக்குச் சொந்தம். வேறு எதற்காவது வேண்டுமா என்று ஊர்க்கவுண்டரிடம் போன மாதம் கேட்டேன். ஆடி மழைக்கு முன் கூரை ஓடுகளை மட்டும் மாற்றிக் கொடுங்கள், சாவி உங்களிடமே இருக்கட்டும் என்றார். ஓடு மாற்ற 18 ஆயிரம் ரூபாய் ஆகும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். அது கடை போடுகிற பணத்தில் எழுத வேண்டிய செலவு.